திருமயம்: நெல்நாட்டின் எல்லையில் ஒரு கற்கோட்டை

காவிரியும் அதன் கிளையாறுகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டி உருவாக்கிய சமவெளியில், கல்லணைக்குக் கிழக்கே கடற்கரை வரையில், குன்று என்று சொல்லத்தக்க மேடு ஒன்றுகூடக் கிடையாது. பாமணியாற்றின் கரையில் அமைந்த மன்னார்குடியில் நின்று எந்தத் திசையில் நோக்கினாலும் வயலும் தென்னந்தோப்பும் கோயிற்கோபுரமும் தெரியுமே தவிரப் பாறை தெரியாது. வீட்டு வாசற்படிக்கும் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும்கூட வெளியூரிலிருந்து கல் வந்தாக வேண்டிய நாடு இது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல் புதுக்கோட்டைச் சீமையின் நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலரும் கருதுவதற்கு, அதைவிட அருகில் வெட்டியெடுக்கத்தக்க பாறை இல்லை என்பதே முதற்காரணம். இந்த நிலவியல் உண்மை சிற்பிகளை மட்டும் பாதித்த ஒன்றன்று. இப்பகுதியை ஆண்ட அரசர்கள் எதை அரணாகக் கொண்டார்கள், யாரிடம் தோற்றார்கள், எந்த எல்லையில் நின்றுவிட்டார்கள் என்ற கேள்விகளுக்கும் விடையில் ஒரு பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணின் உறுப்புகளாக எண்ணுகிறது. இவற்றுள் தஞ்சை நாட்டுக்கு இயற்கை வழங்கியவை முதல் இரண்டு மட்டுமே. ஆகவே இங்கு எழுந்த கோட்டைகள் தரைக்கோட்டைகளாகவே அமைந்தன: அகழி வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாக எழுப்பி, அதன்மேல் செங்கல்லாலும் கல்லாலும் மதில் கட்டி, மதில் திரும்பும் இடங்களில் பீரங்கி ஏற்றுவதற்கான கொத்தளங்களை அமைத்தார்கள். நாயக்கர் காலத்தில் விரிவடைந்த தஞ்சைக் கோட்டை இவ்வகையின் பெரிய எடுத்துக்காட்டு. கோட்டை இல்லாத ஊர்களில் கோயில் மதிலே அந்தப் பணியைச் செய்தது. ‘மன்னார்குடி மதிலழகு’ என்று தஞ்சை மாவட்ட மக்கள் இன்றும் சொல்லும் பெருமைக்குரிய இராசகோபாலசுவாமி கோயில், முதற்குலோத்துங்கன் காலத்தில் தோன்றி, 1633 முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட விசயராகவ நாயக்கரின் திருப்பணியால் இன்றுள்ள பேருருவை அடைந்தது. அவ்வளவு உயரமான மதிலை வழிபாட்டுக்கு மட்டும் எவரும் கட்டியிருக்க மாட்டார்கள் என்று முடிவுகட்டுவது மிகையாகும். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் திருவரங்கம், திருவானைக்கா, சிதம்பரம் முதலிய கோயில்களின் மதில்களுக்குள் படைகள் தங்கிப் போரிட்டன என்பது வரலாறு.

சங்கப் பாடல்கள் நிலத்தை மென்புலம் என்றும் வன்புலம் என்றும் இருவகையாகப் பிரித்துப் பேசும். நெல் விளையும் மருதமும் அதை ஒட்டிய நெய்தலும் மென்புலம். வரகும் தினையும் விளையும் முல்லையும் குறிஞ்சியும் வன்புலம். காவிரி நாட்டின் தென்மேற்கு விளிம்பில் இந்த இரண்டும் சந்திக்கின்றன. தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லத்தில் செம்பூரான்கல் மேடாக எழத் தொடங்கும் நிலம், புதுக்கோட்டையை அடையும்போது மொட்டைப் பாறைகளாக மாறிவிடுகிறது. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை ஆகியவை யாவும் இந்தப் பாறைவரிசையைச் சேர்ந்தவை. மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகச் செல்லும் ஒருவர் ஆற்றுப் பாசனத்தை விட்டுக் கண்மாய்ப் பாசனத்துக்குள், அதாவது மழைநீரைக் கரைகட்டித் தேக்கும் ஏரிகளின் நாட்டுக்குள், நுழைந்து சற்றுத் தூரம் சென்றதும் எதிர்ப்படுவது திருமயம். புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், மிக உயரம் என்று சொல்ல முடியாத ஒரு கருங்கல் குன்று. அதன் உச்சியைச் சுற்றி மதில். அடிவாரத்தின் தென்புறத்தில் ஒரே பாறையைக் குடைந்து அடுத்தடுத்து அமைத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும். நெல்நாட்டுக்கு மிக அண்மையில் இருந்த மலையரண்களுள் இது ஒன்று. நெல்நாட்டின் படைகள் ஒரு காலத்தில் இதன் அடிவாரம் வரை வந்து, உள்ளே புகமுடியாமல் திரும்பியும் இருக்கின்றன.

சிறு குன்றின் தலையில் மதில் எழுப்பும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றியது. பிரித்தானியத் தீவின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டில் கிறித்துவுக்கு முந்தைய இரும்புக்கால மக்கள் நூற்றுக்கணக்கான குன்றுகளை இவ்வாறு அரணாக்கினார்கள். லின் தீபகற்பத்திலுள்ள ட்ரேர் கெய்ரி என்ற குன்றின் உச்சியில், சாந்து பூசாமல் அடுக்கிய கல்மதிலும் அதற்குள் ஏறத்தாழ 150 வட்ட வீடுகளின் அடித்தளங்களும் இன்றும் காணக்கிடைக்கின்றன. அபெரிஸ்ட்வித் நகரை ஒட்டிய பென் டினாஸ் என்ற சிறு குன்றின் பழங்கோட்டைக்கு நடுவே, 19ஆம் நூற்றாண்டில் வெலிங்டன் பிரபுவின் நினைவாக, செங்குத்தாக நிறுத்திய பீரங்கிக் குழல் போன்ற தூண் ஒன்றை எழுப்பினார்கள். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டினப் போரில் பங்கேற்ற அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான் இந்த வெலிங்டன் என்பதை அறியும் தமிழ் வாசகருக்கு அந்தத் தொலைதூரக் குன்று சற்று நெருங்கி வரக்கூடும். ஆயினும் வேல்ஸ் நாட்டுக் குன்றரண்கள் பலவற்றில் உறவுக் குழுக்கள் ஒன்றாகத் தங்கி வாழ்ந்தன. அங்கே கோட்டைக்குள் ஊர் இருந்தது. திருமயத்தில் அப்படியன்று. இங்கே குன்று முதலில் கடவுளுக்கு உரியதாயிற்று. படைவீரன் கடைசியாக வந்து சேர்ந்தவன்.

தமிழ் நாட்டில் மலையரண் என்றவுடன் நினைவுக்கு வருவது பாரியின் பறம்பு. இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் திருமயத்துக்கு மேற்கே சுமார் 2,500 அடி உயரத்தில் நிற்கும் பிரான்மலையே அந்தப் பறம்பு என்பது பரவலான கருத்து. மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டும் பறம்பைக் கொள்ள இயலவில்லை என்று புறநானூற்றில் கபிலர் பாடுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் மதிலின் திண்மையன்று. உழவர் உழாமலே அம்மலை மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்ற நான்கு விளைவைத் தரும், பல சுனைகள் அங்கே உண்டு என்பதே அவர் வாதம். புலவரின் மிகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், முற்றுகைப் போரின் அடிப்படைக் கணக்கை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. மதிலை வளைத்து நிற்பவன் நம்புவது உள்ளிருப்பவனின் பசியையும் தாகத்தையும். அவை இரண்டும் வாராதபோது வளைத்தவனே பசிக்கத் தொடங்குகிறான். மதிலை முற்றுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதை நொச்சி என்றும் பகுத்து இலக்கணம் வகுத்த மரபு, இந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்தது.

திருமயத்தின் பழைய பெயர் திருமெய்யம். மெய்யம் என்பதை வடமொழியாக்கி மலையைச் சத்தியகிரி என்றும், சிவனைச் சத்தியகிரீசுவரர் என்றும், பெருமாளைச் சத்தியமூர்த்தி என்றும் வழங்கினார்கள். இங்குள்ள குடைவரைகள், அதாவது கல்லை அடுக்கிக் கட்டாமல் பாறையை உட்புறமாக வெட்டி அமைத்த கோயில்கள், 7ஆம் 8ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்று கணிக்கப்படுகின்றன. பெருமாள் குடைவரையில் பாம்பணைமேல் கிடக்கும் திருமாலும் அவரைச் சூழ்ந்த தேவர் கூட்டமும் பாறைச்சுவரோடு சுவராகச் செதுக்கப்பட்டுள்ளன. தென்னாட்டின் கிடந்த கோலச் சிற்பத் தொகுதிகளுள் அளவிலும் அமைப்பிலும் இது முதன்மையானது. திருமங்கையாழ்வார் பாடிய திவ்விய தேசங்களுள் ஒன்றாகவும் இது விளங்குகிறது. சிவன் குடைவரையில் இலிங்கோற்பவர் சிற்பமும், குடுமியான்மலையில் முழுமையாகக் கிடைத்திருக்கும் இசைக் கல்வெட்டின் இனத்தைச் சேர்ந்த ஒரு கல்வெட்டின் எச்சமும் உள்ளன. திருமயத்து இசைக் கல்வெட்டின் பெரும்பகுதி பிற்காலத்தில் அழிக்கப்பட்டுவிட்டது.

இக்குன்றில் பெயர் தெரிந்த முதல் புரவலர்களுள் ஒருவர் பெண். முத்தரையர் குலத்துச் சாத்தன் மாறனின் தாயான பெரும்பிடுகு பெருந்தேவி பெருமாள் கோயிலைப் புதுப்பித்து அதற்குக் கொடை அளித்ததை இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. முத்தரையர்கள் பல்லவருக்கு அடங்கியும் சிலபோது தனித்தும் ஆட்சி செய்த குறுநில மன்னர்கள். தஞ்சையும் செந்தலையும் அவர்கள் கையில் இருந்தன. அதே சமயம் புதுக்கோட்டையின் பாறைநாடும் அவர்களுடையதாக இருந்தது. மென்புலமும் வன்புலமும் ஒரே குடையின்கீழ் இருந்த அக்காலத்தில் திருமயம் எவருக்கும் எல்லையாக இல்லை. ஆகவே அங்கே கோட்டை தேவைப்படவும் இல்லை. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயாலய சோழன் தஞ்சையைக் கைப்பற்றிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை: சோழர் வலுவாக இருந்தவரை அவர்கள் ஆட்சி பாறைநாட்டையும் தாண்டிப் பாண்டிநாடு வரை பரவியிருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இந்தக் குன்றுக்கு மதில் வேண்டியிருக்கவில்லை என்பது, மலை இருந்தால் கோட்டை எழும் என்ற எளிய எண்ணத்துக்கு எதிரான சான்று.

குன்று முதன்முதலில் எல்லைத் தகராறுக்கு இலக்கானது அரசர்களால் அன்று, அதன் இரண்டு கோயில்களாலேயே. ஒரே பாறையில் அருகருகே குடையப்பட்ட சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையில் வருவாய், நிலம், இடம் ஆகியவை பற்றிய பூசல் நெடுங்காலம் நீடித்தது. சிவன் கோயில் நிலம் தேவதானம் என்றும், பெருமாள் கோயில் நிலம் திருவிடையாட்டம் என்றும் அழைக்கப்பட்டன. இவற்றிலிருந்து வந்த கடமை என்ற நிலவரியும் நெல்லும் எந்த விகிதத்தில் யாருக்குச் சேர வேண்டும் என்பதே பூசலின் கரு. பாண்டியர் மீண்டும் தலையெடுத்துச் சோழர் தேய்ந்துகொண்டிருந்த, போசளர் என்ற கன்னட அரசர் இருவருக்கும் நடுவே புகுந்து படை நடத்திய காலம் அது. 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் நாட்டார்களும் சமயத் தலைவர்களும் கூடிய ஒரு பேரவை இவ்வழக்கை எடுத்து விசாரித்தது. மொத்த வருவாயை ஐந்து கூறாக்கி மூன்றைப் பெருமாளுக்கும் இரண்டைச் சிவனுக்கும் அளிக்க வேண்டும் என்று தீர்ப்பாகி, அது கல்லில் வெட்டப்பட்டது. வெளிநாட்டுப் படைத்தலைவர் ஒருவர், அதுவும் படையெடுப்புகளுக்கு நடுவே, இரு தமிழ்க் கோயில்களின் நெற்பங்கைத் தீர்த்துவைக்க நேரம் ஒதுக்கினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் பூசலில் கிடக்கும் நாட்டில் வரி ஒழுங்காக வராது என்பதைப் படைத்தலைவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. திருமயத்தின் வரலாற்றில் கோட்டை முற்றுகையைவிட இந்த வழக்கே சுவையானது. நாட்டார், கோயிலார், அரசனின் ஆள் ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று எதிர்கொண்டதை இதில் காண முடிகிறது.

பிற்காலப் பாண்டியர், விசயநகரத்தார், சூரைக்குடித் தலைவர்கள் என்று ஆட்சி மாறியதைக் கடந்து, 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு வந்தால் குன்று திடீரென்று படைமுக்கியத்துவம் பெற்றுவிடுவதைக் காணலாம். 1673இல் மதுரை நாயக்கர் படையோடு போரிட்டு விசயராகவ நாயக்கர் மாண்டார். அவரோடு தஞ்சை நாயக்க அரசும் முடிந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சிவாசியின் மாற்றாந்தாய்த் தம்பியான ஏகோசி தஞ்சையைக் கைப்பற்றி மராட்டிய ஆட்சியை நிறுவினார். தெற்கே, மதுரையின் பிடி தளர்ந்ததைப் பயன்படுத்திக்கொண்டு, இராமநாதபுரத்தின் இரகுநாத சேதுபதி தனியரசராக எழுந்தார். 1710 வரை ஆண்ட இவரை மக்கள் கிழவன் சேதுபதி என்று அழைத்தார்கள். புகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றி அங்கே கோட்டை கட்டியவரும், 1693இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோவின் கொலைத்தண்டனைக்குக் காரணமானவரும் இவரே. தொண்டைமான் குலத்துப் பெண்ணான காதலி நாச்சியாரை மணந்துகொண்ட சேதுபதி, அவர் உடன்பிறந்தாரான இரகுநாதராயத் தொண்டைமானைப் புதுக்கோட்டைக்குத் தலைவராக்கினார்; 1686ஐ ஒட்டி நிகழ்ந்த இந்த ஏற்பாடே பின்னாளில் புதுக்கோட்டைச் சமத்தானமாக வளர்ந்தது. இவ்வாறு தஞ்சை மராட்டியருக்கும் சேதுபதியின் மறவர் சீமைக்கும் நடுவே, முன்பு எவருக்கும் எல்லையாக இல்லாத வன்புலம், இரண்டு புதிய அரசுகள் உரசிக்கொள்ளும் இடமாயிற்று.

இந்த உரசலின் தடயம் இரண்டு கோட்டைகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பதிந்திருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஹஜியின் பெயரால் வனாஜி பண்டிதர் என்பவர் 1686-87இல் பட்டுக்கோட்டையில் ஒரு கோட்டை கட்டினார் என்று அங்கிருந்த கல்வெட்டு தெரிவித்தது. கிழவன் சேதுபதி திருமயத்துக் குன்றில் கோட்டை எழுப்பிய ஆண்டு 1687. ஒன்று சமதரையில், மற்றது பாறைமேல். ஒன்று நெல்நாட்டின் தென்வாசல், மற்றது மறவர் சீமையின் வடவாசல். இரண்டுக்கும் நடுவேயிருந்த அறந்தாங்கிக் கோட்டை சேதுபதிக்கும் தஞ்சைக்கும் இடையில் மாறி மாறிக் கைமாறிக்கொண்டிருந்தது. ஒருவர் கட்டியதைப் பார்த்து மற்றவர் கட்டினார் என்று உறுதியாகச் சொல்ல ஆவணச் சான்று வேண்டும். ஆனால் இருவரையும் கட்டத் தூண்டிய அச்சம் ஒன்றுதான் என்று கொள்வதில் தவறில்லை. இங்கே ஒரு குறிப்புத் தேவை. பட்டுக்கோட்டை வட்டாரத்தை இன்று பசுமையாகக் காண்பவர்கள் அதை நெல்நாட்டின் நடுப்பகுதி என்று எண்ணக்கூடும். 1934இல் மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டப்பட்டு, தஞ்சை, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியே அறந்தாங்கிப் பக்கம் வரை செல்லும் கல்லணைக் கால்வாய்தான், புதாறு என்று உழவர்கள் சொல்லும் அந்த ஆறுதான், அவ்வட்டாரத்தின் பெரும்பகுதிக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆற்றுப்பாசனத்தின் எல்லை இன்றைக்கு இருப்பதைவிட வடக்கே இருந்தது. பட்டுக்கோட்டையும் அன்று வானம்பார்த்த விளிம்புநிலமே.

திருமயம் கோட்டை குன்றின் உச்சியில் மட்டும் அடங்கியதன்று. பாறையை மையமாகக் கொண்டு, ஒன்றை ஒன்று வளைத்த ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பது மரபுச்செய்தி. அவற்றுள் வெளிச்சுற்றுகள் பலவும் வயலாகவும் வீடாகவும் மாறிவிட, உட்சுற்றுகள் மட்டும் எஞ்சியுள்ளன. எஞ்சிய பகுதியே சுமார் 40 ஏக்கர் பரப்புடையது. மதிலின் கீழ்ப்பகுதி கருங்கல். மேலே துப்பாக்கிக்கண்களுடன் கூடிய செங்கற்சுவர். வடக்கு, தெற்கு, தென்கிழக்கு ஆகிய மூன்று பக்கங்களில் வாயில்கள் அமைந்திருந்தன. தெற்கு வாயிலில் அனுமன், விநாயகர், கருப்பர் ஆகிய தெய்வங்களுக்கும், வடக்கே பைரவருக்கும் சிறு கோயில்கள் உண்டு. பெருங்கோயில் தெய்வங்கள் அடிவாரத்தில் வீற்றிருக்க, வாயிற்காவலுக்கு இத்தெய்வங்களை நிறுத்துவது தமிழகத்துக் கோட்டைகள் பலவற்றின் வழக்கம். ஏறும் வழியின் நடுவே வெடிமருந்து வைக்கப் பயன்பட்ட ஓர் அறை உள்ளது. அதற்கு எதிரே, பெரும்பாறை ஒன்றின் சரிவில், கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சிறிய குடைவரை ஒன்றில் இலிங்கம் இருக்கிறது. வெடிமருந்து அறை கட்டியவர்கள் அதற்கு இடையூறு செய்யவில்லை. உச்சியிலுள்ள மேடையில் ஒரு பீரங்கி நிற்கிறது. அங்கிருந்து நான்கு திசையிலும் கண்மாய்களும் சாலையும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் கோட்டையை நிலைநிறுத்தியது உச்சியிலுள்ள பீரங்கியைவிட அதற்கு அருகிலுள்ள சுனைதான். சுனை என்பது பாறைப்பள்ளத்தில் மழைநீர் தங்கி, வெயிலிலும் எளிதில் வற்றாமல் நிற்கும் நீர்நிலை. மேலே சுனை, அடிவாரத்தில் கோயிற்குளம், மதிலுக்கு வெளியே கண்மாய் என்று நீர் மூன்று நிலைகளில் கிடைத்ததால், வெளிச்சுற்றுகளை இழந்த பிறகும் உட்சுற்றில் ஒரு சிறுபடை தாக்குப்பிடிக்க முடிந்தது. மன்னார்குடியில் 23 ஏக்கர் பரப்பில் விரிந்த ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திருமயத்துச் சுனை ஒரு பொருளாகவே தோன்றாது. நீர் மிகுந்த நாட்டில் நீரைத் தடுத்து அகழியாக்கினார்கள். நீர் அருகிய நாட்டில் கிடைத்த சிறு நீரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். தஞ்சைக் கோட்டையை வென்றவர்கள் அகழியைத் தூர்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். திருமயத்தின் உச்சியில் தூர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. 1720களில் இராமநாதபுரத்தில் வாரிசுரிமைப் போர் மூண்டபோது, உதவிக்கு ஈடாகத் திருமயம் புதுக்கோட்டைத் தொண்டைமான் வசம் வந்தது. அதே போரில் எதிரணிக்கு உதவிய தஞ்சை மராட்டியர், பாம்பாற்றுக்கு வடக்கேயுள்ள மறவர் நிலத்தைத் தமக்கு விலையாகப் பெற்றார்கள். சேதுநாட்டின் ஒரு பகுதி சிவகங்கைச் சீமையாகப் பிரிந்ததும் இந்தக் கலகத்தின் விளைவே. இரு தரப்பும் ஒரே போரில் வெவ்வேறு கூலி பெற்று, அருகருகே வந்து நின்றுவிட்டன. 1733இல், துக்கோசி தஞ்சையை ஆண்ட காலத்தில், தஞ்சைத் தளபதி ஆனந்தராவ் பெரும்படையுடன் புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்து நாட்டின் பெரும்பகுதியைக் கைப்பற்றினார். மூன்றாண்டுகளுக்கு முன்புதான் பட்டமேறியிருந்த விசயரகுநாதராயத் தொண்டைமான் திருமயம் கோட்டைக்குள் ஒதுங்கினார். அவர் கையில் எஞ்சியது அந்தக் குன்று ஒன்றே. ஏறத்தாழ ஓராண்டு முற்றுகை நீடித்தது; பிறகு தஞ்சைப்படை முற்றுகையை விலக்கிக்கொண்டு திரும்பிற்று. தொண்டைமான் 1769 வரை ஆண்டார். குன்று அன்று வீழ்ந்திருந்தால் புதுக்கோட்டை என்ற சமத்தானமே இராது; அதன் நிலம் தஞ்சையின் ஒரு சுபாவாக, அதாவது வரிதண்டும் பிரிவாக, அடங்கிப்போயிருக்கும்.

வளைத்த படை ஏன் ஓராண்டிலும் வெல்லவில்லை என்பதற்குப் பாறையின் உயரத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. நெல்நாட்டின் படை தன் சோற்றைத் தானே சுமந்துகொண்டு வன்புலத்துக்குள் வர வேண்டியிருந்தது. கண்மாய் விளைச்சல் வெளிப்படை ஒன்றை நெடுநாள் தாங்காது; சுற்றிலும் அடர்ந்த காடு; அக்காட்டின் வழிகளை அறிந்த கள்ளர், மறவர் முதலியோர் தொண்டைமானின் ஆட்கள். இதே வலிமையின் மறுபக்கம் 1751 முதல் 1754 வரை நடந்த திருச்சி முற்றுகைகளில் வெளிப்பட்டது. பிரெஞ்சுப் படையும் அதன் துணைப்படைகளும் மற்ற வழிகளை அடைத்தபோது, திருச்சி மலைக்கோட்டையில் அகப்பட்ட ஆங்கிலேயருக்கும் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கும் தொண்டைமானின் காடுகள் வழியாகத் தானியமும் ஆடுமாடும் சென்றுகொண்டிருந்தன. வரகும் தினையும் விளைந்த நாடு வல்லரசுகளுக்குச் சோறுபோட்டது என்பது நெல்நாட்டாருக்குச் சற்றுக் கசப்பாகவே இருந்திருக்கும். தஞ்சைக் கோட்டையோ 1773இல் ஆர்க்காட்டு நவாபின் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் வீழ்ந்து, துளசா மன்னர் மூன்றாண்டுகள் அரசிழந்து இருந்தார். 1781இல் ஹைதர் அலியின் படை காவிரி நாட்டைச் சூறையாடியபோதும், அகழிகளும் மதில்களும் உழவரைக் காக்கவில்லை.

திருமயம் கோட்டையை மக்கள் ஊமையன் கோட்டை என்றும் அழைப்பதுண்டு. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பியான ஊமைத்துரை இங்கே அடைத்துவைக்கப்பட்டான் என்பது வழிவழிச் செய்தி. கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, மீண்டும் போரிட்டு, அதே ஆண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டதும் ஆவணங்களில் உள்ளவை. இந்த ஆவண வரிசையில் திருமயத்துக்கு இடம் காண்பது கடினம். எனினும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டிய சேதுபதியின் பெயரும் காத்த தொண்டைமானின் பெயரும் மக்கள் வாயில் நிற்காமல், சங்கிலியில் இருந்ததாகச் சொல்லப்படும் ஒருவனின் பெயர் நின்றது என்றால், கோட்டையைப் பற்றிப் பிற்கால மக்கள் எந்தப் பக்கத்தில் நின்று நினைக்க விரும்பினார்கள் என்பது விளங்கும். பாளையக்காரர் போரில் செய்த உதவிக்காக ஆங்கிலக் கும்பினியார் 1803இல் தொண்டைமானுக்குக் கீழாநிலைக்கோட்டைப் பகுதியை அளித்தார்கள். தஞ்சையும் புதுக்கோட்டையும் இரண்டு தலைமுறையாக வழக்காடிய எல்லைநிலம் அது.

1799இல் தஞ்சையின் ஆட்சி ஒப்பந்தத்தால் ஆங்கிலேயரிடம் போனது; 1801இல் பாளையங்கள் ஒடுக்கப்பட்டன. எல்லையின் இருபுறமும் ஒரே எசமானர் வந்துவிட்ட பின்பு, முத்தரையர் காலத்தைப் போலவே, குன்றுக்குக் கோட்டை மீண்டும் தேவையற்றதாயிற்று. மதில் இடிந்தது, கற்கள் வீடுகளுக்குப் போயின, ஊர் தன் வழியே தொடர்ந்தது. 1887இல் இவ்வூரில் பிறந்த சு. சத்தியமூர்த்தி, பெருமாளின் பெயரைத் தாங்கி, பின்னாளில் காங்கிரசு மேடைகளின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவராகவும் சென்னை மேயராகவும் விளங்கினார். புதுக்கோட்டைச் சமத்தானம் 1948 மார்ச்சு 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 சனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

இன்று கோட்டையை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்து, கட்டணம் பெற்று, பார்வையாளரை அனுமதிக்கிறது. அடிவாரத்தின் இரு கோயில்களிலும் வழிபாடு வழக்கம்போல் நடக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாள் கோயிலிலும் சிவராத்திரிக்குச் சிவன் கோயிலிலும் கூட்டம் சேர்கிறது. வடபுற மதிலை ஒட்டி நெடுஞ்சாலையோரத்தில் வடக்கு நோக்கி நிற்கும் கோட்டைப் பைரவர் கோயிலில், காரைக்குடி போகும் லாரிக்காரர்களும் வேன் ஓட்டுநர்களும் வண்டியை ஓரங்கட்டி, தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படுகிறார்கள்.